எண்டோஸ்கோப்பியும் கொலோனோஸ்கோப்பியும் ஒரே நாளில்: எது கஷ்டம், எது இல்லை, எங்கே கோட்டை விடுகிறோம்

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது, பல வருஷமாகச் சர்க்கரை. ஹீமோகுளோபின் 8.4க்கு இறங்கிவிட்டது, இரும்புச்சத்துக் குறைவு என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். கூடவே எண்டோஸ்கோப்பி, கொலோனோஸ்கோப்பி இரண்டையும் ஒரே நாளில் எடுக்கச் சொல்கிறார்கள். எடுத்தவர்களைக் கேட்டால் ஒருவர் "உயிர் போய் வந்தது" என்கிறார், இன்னொருவர் "ஒன்றுமே தெரியவில்லை" என்கிறார். யாரை நம்புவது? மயக்கம் கொடுக்கச் சொல்லலாமா? நாங்கள் என்னவெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும்?

பதில்:

இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். ஒருவருக்குத் தொண்டையில் மரத்துப்போகும் ஸ்பிரே மட்டும் அடித்திருப்பார்கள், இன்னொருவருக்கு நரம்பில் ஊசி போட்டிருப்பார்கள். இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. வழக்கமாகப் போடும் மிடாசோலம் ஊசிக்கு, அது வேலை செய்கிற நேரத்து நினைவைப் பதிய விடாமல் செய்யும் குணம் உண்டு. ஆகவே "ஒன்றுமே தெரியவில்லை" என்பவர் உள்ளே ஓங்கரித்து, முனகி, கையைத் தட்டிவிட்டுக்கூட இருக்கலாம். எழுந்த பிறகு அது அவருக்கு ஞாபகத்தில் இருக்காது. இன்னொருவர் அனுபவத்தை வைத்து அப்பாவுக்கு எப்படி இருக்கும் என்று கணிக்க வேண்டாம்.

முதலில், ஏன் இரண்டும் என்பது. எண்டோஸ்கோப்பி என்றால் வாய் வழியாகக் குழாய் விட்டு மேலே, இரைப்பைப் பக்கம் பார்ப்பது; கொலோனோஸ்கோப்பி என்றால் ஆசனவாய் வழியாகக் கீழே, பெருங்குடலைப் பார்ப்பது. 50 வயதைத் தாண்டிய ஆணுக்கு இரும்புச்சத்துக் குறைந்து ரத்தசோகை வந்தால், குடலில் எங்கோ ரத்தம் சத்தமில்லாமல் கசிகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். இரைப்பைப் புண்ணாக இருக்கலாம், பெருங்குடலின் வலது பக்கத்தில் கட்டியாக இருக்கலாம். வலது பக்கம் குடல் அகலம், அங்கே மலமும் நீர்த்தே இருக்கும்; அதனால் அங்கே வளரும் கட்டி அடைப்பையோ மலச்சிக்கலையோ காட்டாமல் மாதக்கணக்கில் ரத்தத்தை மட்டும் இழக்க வைக்கும். மலத்தில் கண்ணுக்குச் சிவப்பே தெரியாது. "மேலே மட்டும் பார்த்துவிட்டு அப்புறம் யோசிக்கலாம்" என்று ஒன்றைத் தள்ளிப் போடாதீர்கள். இரைப்பையில் ஒரு சின்னப் புண் தெரிந்தால்கூட, இந்த வயதில் கீழே பார்க்காமல் விடக் கூடாது.

எல்லோரும் பயப்படுவது குழாயை நினைத்து. சொதப்புவது பெரும்பாலும் முதல் நாள் வீட்டில்தான். குடல் சுத்தமாகவில்லை என்றால் சின்னப் பாலிப்புகள் (குடலின் உள்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சிகள்) மலத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், பரிசோதனை நேரம் நீளும், சில சமயம் பாதியில் நிறுத்திவிட்டு "இன்னொரு நாள் வாங்க" என்று அனுப்பிவிடுவார்கள். அதனால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் அப்பாவுக்கென்றே ஒரு சிக்கல்: அந்த இரும்பு மாத்திரை. அது மலத்தைக் கறுப்பாக, பிசுபிசுப்பாக ஆக்கிக் குடல் சுவரில் ஒட்டவைக்கும். எந்தக் காரணத்துக்காகப் பரிசோதனையோ, அதற்கான மருந்தே பரிசோதனையைக் கெடுத்துவிடும். கொலோனோஸ்கோப்பிக்கு 7 நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும். சீட்டில் இதை எழுத மறந்திருந்தால் போன் செய்து கேட்டுவிடுங்கள்.

சாப்பாட்டில் 3 நாள் முன்பிருந்தே சக்கை குறைய வேண்டும். சர்க்கரைக்காரர்களுக்குக் குடல் மெதுவாக நகரும், ஆகவே ஒரு நாள் பத்தியம் போதாது. கீரை, முருங்கைக்காய், வெண்டை, கொய்யா, கேழ்வரகு, கொண்டைக்கடலை, தேங்காய்த் துருவல் எதுவும் வேண்டாம். தக்காளி, கத்தரி விதைகளும் அப்படித்தான். பலர் கவனிக்காமல் விடுவது தாளிப்பு. கடுகும் சீரகமும் செரிக்காமல் அப்படியே வரும். அவை ஸ்கோப்பின் உறிஞ்சு குழாயை அடைத்துக்கொள்ளும் அளவுக்குத் தொல்லை. வெள்ளைச் சோறு, தாளிக்காத தயிர்சாதம், இட்லி, இடியாப்பம், மைதா பிரெட், முட்டை, வேகவைத்த மீன் பரவாயில்லை.

முதல் நாள் காலையில் லேசான ஆகாரம். அதன் பிறகு கண்ணாடி டம்ளரில் ஊற்றினால் மறுபக்கம் தெரிகிற பானங்கள் மட்டும்: வடிகட்டிய இளநீர், பால் சேர்க்காத டீ, வடித்த ரசத் தண்ணீர், ஓஆர்எஸ், வடிகட்டிய ஆப்பிள் ஜூஸ். மோர் நீர்மோராகவே இருந்தாலும் கூடாது, கஞ்சியும் கூடாது. திராட்சை ஜூஸ், ரோஸ்மில்க், நன்னாரி சர்பத், பீட்ரூட் வேண்டாம். உள்ளே அந்த நிறம் ரத்தம் என்று ஏமாற்றும். அப்பாவுக்கு வெற்றிலை பாக்குப் பழக்கம் இருந்தால் அதையும் அன்றைக்கு விடச் சொல்லுங்கள்.

இனிப் பேதி மருந்து. நம் ஊரில் அதிகம் தருவது பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடி; பெரிய பாக்கெட் ஒன்றை 2 லிட்டர் தண்ணீரில் கரைப்பது வழக்கம். இதை மொத்தமாக முதல் நாள் இரவே குடித்து முடிப்பதைவிட, பாதி இரவிலும் பாதி காலையிலும் குடிப்பதுதான் குடலை நன்றாகச் சுத்தம் செய்கிறது. இரவே முடித்துவிட்டால், விடிவதற்குள் சிறுகுடலிலிருந்து பித்தநீரும் சளியும் இறங்கி வந்து வலது பக்கக் குடலில் மறுபடி பூசிக்கொள்ளும். ரத்தசோகைக்கு முக்கியமாகப் பார்க்க வேண்டிய இடமே அதுதான்.

காலை 10 மணிக்கு நேரம் கொடுத்திருந்தால் கணக்கு இப்படி வரும். முதல் நாள் மாலை 6 மணிக்கு ஆரம்பித்து 1 லிட்டர், 15 நிமிஷத்துக்கு 250 மில்லி வீதம். மறுநாள் காலை 4.30க்கு எழுந்து மீதி 1 லிட்டரை 6 மணிக்குள் முடிப்பது. பிறகு கொஞ்சம் வெறும் தண்ணீர், 8 மணியோடு அதையும் நிறுத்துவது. மயக்க மருந்துக்குத் திட உணவு 6 மணி நேரம், தெளிந்த நீர் 2 மணி நேரம் இடைவெளி என்பது பொது விதி. சில மருத்துவமனைகள் தண்ணீருக்கும் 4 மணி நேரம் கேட்பார்கள், அப்படியானால் எல்லாவற்றையும் 2 மணி நேரம் முன்னால் தள்ளிக்கொள்ளுங்கள். நேரம் பிற்பகல் என்றால் காலைப் பாதியைச் சாவகாசமாகக் குடிக்கலாம்.

சுவை உப்பும் இனிப்புமாகக் குமட்டும். ஃபிரிட்ஜில் குளிர வைத்து, ஸ்ட்ரா போட்டு, நாக்கின் பின்பக்கமாக இழுத்துக் குடித்தால் பாதிச் சுவை தெரியாது. நடுவில் எலுமிச்சைத் துண்டை நக்கலாம். மருந்திலேயே சர்க்கரை கலக்காதீர்கள். வாந்தி வந்தால் அரை மணி நேரம் நிறுத்திவிட்டு, 20 நிமிஷத்துக்கு ஒரு டம்ளர் என்று மெதுவாகத் தொடருங்கள். பெரும்பாலானோருக்கு ஒன்றிரண்டு மணி நேரத்தில் போக ஆரம்பிக்கும், சிலருக்கு மூன்று மணி நேரம்கூட ஆகும். ஒன்றும் வரவில்லையே என்று பயந்து வேறு பேதி மாத்திரை எதையும் சொந்தமாகச் சேர்க்க வேண்டாம். கடைசியில் சிறுநீர் போல மஞ்சளாகத் தெளிந்து வர வேண்டும். பழுப்பாகவோ திப்பிதிப்பியாகவோ வந்தால் குடல் இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம். மருத்துவமனைக்குப் போனதும் முதல் வேலையாக அதைச் சொல்லுங்கள், எனிமா கொடுத்தோ நேரத்தைத் தள்ளியோ சமாளிப்பார்கள். மறைத்துப் படுத்துக்கொண்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

இன்னும் சில சின்ன விஷயங்கள். எட்டுப் பத்து முறை போனால் ஆசனவாய் எரியும். ஆரம்பத்திலேயே வாஸலினோ தேங்காயெண்ணெயோ தடவிக்கொண்டு, தேய்க்காமல் தண்ணீர் விட்டுக் கழுவி ஒற்றி எடுத்தால் எரிச்சல் குறையும். 8.4 ஹீமோகுளோபினோடு நீர்ச்சத்தும் இறங்கினால் தலை சுற்றும். குளியலறைக் கதவைத் தாழிட வேண்டாம் என்று சொல்லுங்கள், ராத்திரி ஒருவர் கூட இருங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் சோடியம் பாஸ்பேட் வகைப் பேதி மருந்து ஆகாது. சிறுநீரகத்தையே கெடுத்த சம்பவங்களால் 2008ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அதற்குக் கடும் எச்சரிக்கை போட்டது. பல வருஷச் சர்க்கரை என்பதால் கிரியாட்டினின் ரிப்போர்ட்டைக் காட்டி, எந்த வகை மருந்து என்று கேட்டு வாங்குங்கள்.

மாத்திரைகள். சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுப் பட்டினி கிடப்பதுதான் அந்த ராத்திரியின் நிஜமான ஆபத்து. கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்றவை சாப்பாடு இல்லாவிட்டாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே போகும்; தெளிந்த பானம் மட்டும் குடிக்கிற வேளைகளில் அவற்றை நிறுத்தச் சொல்வார்கள். மெட்ஃபார்மினும் பரிசோதனை அன்று காலை வேண்டாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று 'ஃப்ளோசின்' எனப் பெயர் முடிகிற வகையை 3 நாள் முன்பே நிறுத்துவது வழக்கம், ஏனென்றால் பட்டினியோடு சேர்ந்தால் ரத்தத்தில் அமிலம் ஏறலாம், அதுவும் சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே. இன்சுலின் என்றால் அளவைக் குறைக்க வேண்டும், முழுக்க நிறுத்தக் கூடாது. எதை, எப்போது, எவ்வளவு என்று டாக்டரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிவிடுங்கள். ராத்திரி குளுக்கோமீட்டரில் 4 மணி நேரத்துக்கு ஒரு முறை பாருங்கள். 70க்குக் கீழே போனால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். வெறும் வயிறாக இருக்க வேண்டுமே என்று தயங்காதீர்கள். கொடுத்ததை மட்டும் அங்கே சொல்லிவிடுங்கள்.

பிரஷர் மாத்திரையை அன்று காலை ஒரு வாய்த் தண்ணீரோடு போடுவதுதான் வழக்கம். நீர் மாத்திரை மட்டும் கேட்டுக்கொண்டு. இதயத்துக்கென்று ஆஸ்பிரின் போட்டுக்கொண்டிருந்தால் பெரும்பாலும் நிறுத்தத் தேவையில்லை. கிளோபிடோக்ரெல், வார்ஃபரின், அபிக்சபான் போன்ற, ரத்தம் உறைய விடாத மாத்திரைகள் வேறு கதை: பாலிப்பை அகற்றினால் ரத்தம் நிற்காது என்பதால் சில நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும், ஆனால் ஸ்டென்ட் வைத்தவர் தானாக நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். குடல் டாக்டரும் இதய டாக்டரும் பேசி முடிவு செய்ய வேண்டியது அது. அப்பாவின் எல்லா மாத்திரைப் பட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.

சரி, உள்ளே என்ன நடக்கும்? வழக்கமாக மேலே முதலில், பிறகு படுக்கையைத் திருப்பிக் கீழே. பல்செட்டைக் கழற்றச் சொல்வார்கள். தொண்டையில் லிக்னோகெய்ன் ஸ்பிரே, கசக்கும். இரண்டு நிமிஷத்தில் தொண்டை தடித்து, எச்சில் விழுங்க வராதது போல ஆகும். இந்த இடத்தில்தான் பலர் மூச்சடைக்கிறது என்று பதறுகிறார்கள். அடைப்பது இல்லை, உணர்வு மட்டும்தான் போயிருக்கிறது. இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, பற்களுக்கு நடுவே பிளாஸ்டிக் வளையம். குழாயின் கனம் 9 முதல் 10 மி.மீ. அது போவது உணவுக்குழாயில். மூச்சுக்குழல் திறந்தேதான் இருக்கும்.

கஷ்டம் என்பது பெரும்பாலும் அந்த முதல் சில விநாடிகள். பல்லிலிருந்து சுமார் 15 செ.மீ. ஆழத்தில் உணவுக்குழாயின் வாய் ஒரு தசை வளையம், விழுங்கும்போது மட்டும் தளரும். "முழுங்குங்க" என்று சொல்வது அதற்காகத்தான். அந்த நேரத்தில் ஒரு முறை விழுங்கிவிட்டால் குழாய் நழுவி இறங்கிவிடும். அதற்குப் பிறகு விழுங்கவே கூடாது. எச்சிலைக் கன்னத்தின் வழியாக வழிய விட வேண்டும், விழுங்க முயன்றால்தான் ஓங்காளமும் புரையேறலும். தாடை மார்பை ஒட்டியபடி இருக்கட்டும். (1868ல் ஃப்ரைபர்க்கில் குஸ்மால் என்ற மருத்துவர் முதன்முதலில் இரைப்பைக்குள் பார்க்க, கத்தி விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரைத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. அப்போது நேரான விறைப்புக் குழாய், தலையை முழுக்கப் பின்னால் சாய்க்க வேண்டும். இன்றைய குழாய் வளையும், அதனால் தலை நேர் எதிர்த்திசையில்.) கண்ணை மூடாமல் எதிரே ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு, மூச்சை நீளமாக வெளியே விடுவது நிஜமாகவே உதவும். இரைப்பையைக் காற்றால் விரிப்பார்கள், உப்புசமாக இருக்கும், ஏப்பம் வரும். முடிந்தவரை ஏப்பத்தை அடக்கினால் வேலை சீக்கிரம் முடியும். மொத்தம் 5 முதல் 10 நிமிஷம்.

பயாப்ஸி, அதாவது பரிசோதனைக்குச் சின்னச் சதைத் துணுக்கு எடுப்பது, வலிக்காது. குடலின் உள்தோலுக்கு வெட்டு தெரியாது, இழுப்பும் விரிவும்தான் தெரியும். அப்பாவுக்கு இரைப்பையிலும் முன்சிறுகுடலிலும் சில துணுக்குகள் எடுப்பது நல்லது: ஒன்று இரைப்பைப் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் கிருமிக்காக, இன்னொன்று கோதுமையின் குளூட்டன் ஒத்துக்கொள்ளாமல் இரும்பை உறிஞ்ச விடாத சீலியாக் நோய்க்காக. கிருமிப் பரிசோதனை சரியாக வர, பாண்டபிரசோல் போன்ற அமில மாத்திரையை 2 வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். இரும்புச்சத்துக் குறைவு என்று வந்தவருக்கு முன்சிறுகுடலில் கொக்கிப் புழு நெளிவதைத் திரையில் நேரிலேயே பார்ப்பதும் உண்டு.

கொலோனோஸ்கோப்பியில் பின்பக்கம் கிழிசல் உள்ள பேன்ட் ஒன்றைக் கொடுப்பார்கள், மேலே போர்த்திவிடுவார்கள். கூச்சப்படும் அளவுக்கு அங்கே எதுவும் வெளியே தெரியாது. நுழையும்போது மலம் வருவது போலவே இருக்கும். குடல் காலியாக இருப்பதால் பயந்தது நடக்காது. வலி என்று வந்தால் அது இடது அடிவயிற்றில், சிக்மாய்டு என்ற வளைவான பகுதியில் குழாய் சுருண்டு குடலை நீட்டும்போது. அப்போது நர்ஸ் வயிற்றை அழுத்துவார், மல்லாந்து படுக்கச் சொல்வார்கள். சுருளை நேராக்கத்தான் அது. ஒல்லியான பெண்களுக்கும், கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கும் இந்த இடம் கூடுதல் சிரமம். உள்ளே காற்றுக்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடு பயன்படுத்தும் இடமாக இருந்தால் பின்னால் வரும் உப்புசமும் பிடிப்பும் வெகுவாகக் குறையும், ஏனென்றால் குடல் அதைச் சீக்கிரம் உறிஞ்சிவிடும். கேட்டு வைத்துக்கொள்ளலாம். கவனமாகப் பார்ப்பது குழாயை வெளியே எடுக்கும்போதுதான், அதற்குக் குறைந்தது 6 நிமிஷமாவது செலவிட வேண்டும் என்பது பழைய அளவுகோல். மொத்தம் 20 முதல் 40 நிமிஷம். சிறிய பாலிப் இருந்தால் அதே தடவையில் கம்பி வளையத்தால் அறுத்து எடுத்துவிடுவார்கள்.

மயக்கம் பற்றி. மேலே மட்டும் என்றால், பதற்றமில்லாத 60 வயதுக்காரருக்கு ஸ்பிரே போதும் என்றே சொல்வேன். வயதாக ஆகத் தொண்டையின் ஓங்கரிப்பு குறையும். இளவயதினரும், ஏற்கெனவே மோசமான அனுபவம் உள்ளவர்களும்தான் அதிகம் கஷ்டப்படுகிறார்கள். இரண்டும் சேர்த்து என்பதால் அப்பாவுக்கு மயக்கம் வாங்குவதே நல்லது. அதில் இரண்டு வகை. மிடாசோலம், ஃபென்டனில் கொடுத்தால் அரைத்தூக்கம், கூப்பிட்டால் பதில் சொல்வார். புரோபோஃபால் என்ற பால் நிற ஊசி என்றால் முழுத் தூக்கம், நிறுத்திய சில நிமிஷங்களில் விழிப்பு; ஆனால் அதற்கு மயக்க மருந்து டாக்டர் தனியாக நின்று மூச்சைக் கவனிக்க வேண்டும். எந்த வகையானாலும் விரலில் ஆக்சிஜன் மானிட்டர், மூக்கில் ஆக்சிஜன் இருக்க வேண்டும். பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நிற்பது, முன்பு மயக்க மருந்தில் வந்த சிக்கல், ஆடும் பல், இவற்றை முன்கூட்டியே சொல்லுங்கள். 8.4 ஹீமோகுளோபினையும் மயக்கம் கொடுக்கிற டாக்டரிடம் நேரடியாகச் சொல்லுங்கள், சீட்டில் இருக்கிறதே என்று விட வேண்டாம். கட்டணம் கேட்கும்போது மயக்க டாக்டர், பயாப்ஸி, பாலிப் அகற்றுதல் மூன்றும் அதில் அடக்கமா என்று கேளுங்கள். பில் பற்றிய சண்டை பெரும்பாலும் அங்கேதான் வருகிறது.

முடிந்த பிறகு தொண்டை மரப்பு போகும்வரை, சுமார் ஒரு மணி நேரம், எதுவும் கொடுக்காதீர்கள். முதலில் ஒரு வாய்த் தண்ணீர், இருமாமல் இறங்கினால் பிறகு இட்லி. காற்று பிரியப் பிரிய வயிறு லேசாகும், வெட்கப்படாமல் விடச் சொல்லுங்கள், நடக்கச் சொல்லுங்கள். 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. டாக்டர் சொல்வதை அப்பா கேட்டுத் தலையாட்டுவார், வீட்டுக்கு வந்தால் ஒரு வார்த்தை ஞாபகம் இருக்காது. முடிவைச் சொல்லும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

தொண்டைக் கரகரப்பு ஓரிரு நாள், பயாப்ஸி எடுத்திருந்தால் மலத்தில் ஒரு துளி ரத்தம், இவை சகஜம். வயிறு கல்லாக இறுகி வலி கூடிக்கொண்டே போவது, காய்ச்சல், நெஞ்சு வலி, கழுத்துத் தோலை அழுத்தினால் நொறுநொறுப்பு, ரத்த வாந்தி, கறுப்பாகத் தார் போல மலம், கட்டியாக ரத்தம், இதில் எது வந்தாலும் அன்றே அவசரப் பிரிவு. குடலில் ஓட்டை விழுவது அபூர்வம்தான். ஆனால் ஜெலுசில் கொடுத்து விடியும்வரை பார்ப்பது அதற்கு வைத்தியம் அல்ல. பாலிப் எடுத்த இடத்தில் ரத்தம் இரண்டு வாரம் வரைகூடத் தாமதித்து வரலாம், அந்தக் காலத்தில் நீண்ட பயணம் வேண்டாம்.

ரிப்போர்ட்டில் கீழ்க்கண்டவற்றைத் தேடுங்கள். சீக்கம் (பெருங்குடலின் வலது பக்க ஆரம்ப முனை) வரை போனதா என்று எழுதியிருக்க வேண்டும். போகவில்லை என்றால் வலது பக்கம் பார்க்கப்படவில்லை. சுத்தத்துக்குப் பாஸ்டன் மதிப்பெண் போட்டிருந்தால் 9க்கு குறைந்தது 6, அதிலும் பெருங்குடலின் மூன்று பகுதிக்கும் தனித்தனியே குறைந்தது 2 இருந்தால்தான் நம்பலாம். "ஆன்ட்ரல் காஸ்ட்ரைடிஸ்" (இரைப்பையின் கீழ்ப்பகுதியில் அழற்சி) என்று ஒரு வரி இருந்தால், அதை ரத்தசோகைக்குக் காரணமாக ஏற்றுக்கொண்டு திருப்தியாகிவிடாதீர்கள். நம் ஊர் ரிப்போர்ட்டில் அது இல்லாத தாளைத் தேட வேண்டும். பயாப்ஸி முடிவு வர ஒரு வாரம் ஆகலாம், அதை வாங்கிக் காட்டும்வரை வேலை முடியவில்லை.

இரும்பு மாத்திரையை எப்போது மறுபடி தொடங்குவது என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள், இதை மறந்து மாதக்கணக்கில் நிறுத்திவைப்பவர்கள் உண்டு. இரண்டு பரிசோதனையிலும் ஒன்றும் அகப்படாமல், மாத்திரை போட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றாலோ, ஏறி மறுபடி இறங்கினாலோ, அடுத்துப் பார்க்க வேண்டியது சிறுகுடல். அதற்குக் கேப்சூல் எண்டோஸ்கோப்பி இருக்கிறது. விழுங்க வேண்டியது ஒரு கேமரா மாத்திரை மட்டும், மயக்கமும் தேவையில்லை, குழாயும் இல்லை.